நீலச் சட்டை என்.சி.சி.

போன வாரம் ஒரகடம் ஜங்ஷன்ல கம்பெனி பஸ்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கும்போது, தலைக்கு மேல ஒரு பயிற்சி விமானம் போச்சு. பின்னாடி உட்கார்ந்திருந்த நண்பன் கேட்டான்: "இதெல்லாம் ஓட்டணும்னா லட்சக்கணக்குல காசு வேணும்ல?" பாதிதான் சரி. தனியார் ஃப்ளையிங் ஸ்கூல்னா அவ்வளவு ஆகும். இன்னொரு வழி இருக்கு, என்.சி.சி. ஏர் விங். அதோட கதைதான் இன்னைக்கு.

காலேஜ்ல எனக்கு என்.சி.சி.ன்னா சனிக்கிழமை பரேடு, அது முடிஞ்சதும் வர்ற டிபன். அவ்வளவுதான் தெரியும். ஆனால் இதன் வேர் 1917-க்குப் போகிறது. முதல் உலகப் போரில் ஆள் பற்றாமல் பிரிட்டிஷ் அரசு பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஒரு படைப்பிரிவு தொடங்கியது. சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, 1946-ல், ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். அதன் பரிந்துரைப்படி 1948-ல் சட்டம் வந்தது, என்.சி.சி. பிறந்தது. அப்போது அது முழுக்கத் தரைப்படைப் பயிற்சி.

ஏர் விங் வந்தது 1950 ஏப்ரல் 1. நாம குடியரசாகி ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் மேலதான் ஓடியிருந்துச்சு! பம்பாயில் ஒரு ஸ்குவாட்ரன், கல்கத்தாவில் ஒன்று. பிரிட்டனில் இதே மாதிரி ஏர் டிரெய்னிங் கார்ப்ஸ் 1941-ல் வந்தது. அங்கே போர் நடந்துகொண்டிருந்தது, விமானப்படைக்கு உடனே பையன்கள் வேணும். நம்ம ஊர்ல அந்த அவசரம் இல்லாமலே ஆரம்பிச்சாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

சரி, எதில் பறந்தார்கள்? கிளைடர். இன்ஜினே கிடையாது. ஓடுபாதையின் அந்தக் கோடியில் ஒரு விஞ்ச் கேபிளைச் சுருட்டி இழுக்கும். கிளைடர் பட்டம் மாதிரி ஏறும். உச்சிக்குப் போனதும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். அப்புறம் காத்துதான் துணை. இந்தியாவிலேயே வடிவமைத்த 'ரோகிணி' கிளைடரில் ஆசிரியரும் மாணவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். இப்போது சின்ன இன்ஜின் வைத்த மைக்ரோலைட் விமானங்கள் வந்துவிட்டன.

1962 சீனப் போருக்குப் பிறகு, 1963-ல், கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயமானது. 1968-ல் மறுபடியும் விருப்பப் பாடம். ஆனாலும் ஏர் விங் தரைப்படைப் பிரிவு அளவுக்கு என்றைக்கும் பெருகவில்லை. பரேடுக்கு மைதானம் போதும். பறக்க விமானம், ஓடுபாதை, ஓட்டிக் காட்ட விமானப்படை அதிகாரி எல்லாம் வேணும். அதனால்தான் பல காலேஜ்ல ஏர் விங் இல்லை. நமக்குப் பக்கத்துல தாம்பரம் இருக்கு. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே பாடம் எடுக்கும் பள்ளி 1954-லிருந்து அங்கேதான் நடக்கிறது.

இனி காரியத்துக்கு வர்றேன். ஏர் விங்கில் 'சி' சான்றிதழ் வாங்கினால், விமானப்படை பைலட் பிரிவுக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராகத் தேர்வு வாரிய நேர்காணலுக்குப் போகலாம். அதற்கென்றே தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் நேர்காணலிலும் மருத்துவப் பரிசோதனையிலும் சலுகை கிடையாது. பைலட் திறன் தேர்வு வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அதில் போனால் போனதுதான்.

ஃபர்ஸ்ட் இயர்ல இருக்கறவங்க இந்த வாரமே உங்க காலேஜ்ல ஏர் விங் இருக்கான்னு விசாரிங்க. தேர்ட் இயர்ல போய் நின்னா 'சி' எழுத வருஷம் போதாது. நான் போய் நின்னது தேர்ட் இயர்லதான்.