வாகன வயர்லெஸ்ஸுக்கு ஸ்பீக்கரை எங்கே பூட்டுவது?



1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டை விட்டு கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் போய்க் குடியேறிய நம்மட சனம் ஏராளம். யுத்த காலத்தில் அந்த வன்னிக்குள் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, ஐ.நா. நிறுவனங்கள் ஆகியவற்றின் வெள்ளை ஜீப்புகள் வயர்லெஸ்ஸை நம்பித்தான் ஓடின. யுத்தம் 2009 மே மாதம் முடிந்தபின், முகமாலை போன்ற இடங்களில் மிதிவெடி அகற்றுகிற வேலை தொடங்கியது. வெடி அகற்றும் இடத்துக்குப் பக்கத்தில் காயப்பட்டவரை ஏற்ற ஒரு வாகனமும், கூப்பிட ஒரு வயர்லெஸ்ஸும் இருக்க வேண்டும் என்பது அந்த வேலையின் விதி. கூப்பிட்டது சாரதிக்கு முதல் தடவையிலேயே விளங்க வேணும்.

செல்போன் சிக்னல் எட்டாத பள்ளத்து டிவிசன்களுக்காக வாகனத்தில் வயர்லெஸ் பூட்டுகிற தோட்டங்களுக்கும் இதே பாடந்தான். செற்றுக்குப் பெரிய காசு கொடுப்பார்கள். ஸ்பீக்கரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

முன் ஆசனங்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு தகரப் பெட்டி அடித்து, செற், சைரன் சுவிட்ச் எல்லாவற்றையும் அதில் பூட்டுவது வழக்கம். ஸ்பீக்கரையும் அதற்குள்ளேயே போட்டுவிடுகிறார்கள். பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனால் சத்தம் தகரத்திலும், சாரதியின் முழங்காலிலும், சீற் மெத்தையிலும் அடைபட்டுப் போகும். வயர்லெஸ்ஸில் வரும் குரல் ஏற்கெனவே ஒடுங்கிய குரல். சுமார் 300 முதல் 3000 ஹேர்ட்ஸ் வரைதான் அதில் இருக்கும். சொல்லைப் பிரித்துக் காட்டுவது அதன் மேல் பகுதி. அடைபடும்போது முதலில் போவதும் அதுதான். மிஞ்சுகிற கனத்த ஓசையை டீசல் என்ஜின் விழுங்கிவிடும். "மேக்கணக்குக்கு வா" என்றாரா, "கீழ்க்கணக்குக்கு வா" என்றாரா? பிரசவ வலியோடு ஒரு தாய் லயத்தில் காத்திருக்கும்போது, இதைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. வொலியூமைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுமே தவிர சொல் தெளியாது.

ஆகவே ஸ்பீக்கரின் முகம் சாரதியின் காதைப் பார்க்க வேண்டும். பெட்டியின் மேல் விளிம்பில் தாங்கி வைத்துச் சாய்த்துப் பூட்டலாம். தலைக்கு மேலே, கண்ணாடிக்குப் பக்கத்திலும் பூட்டலாம். பெட்டிக்குள்தான் வைக்க வேணுமென்றால் முகத்துக்கு நேரே தகரத்தில் நிறையத் துளை போட்டு, நடுவில் ரப்பர் வளையம் கொடுங்கள், இல்லாவிட்டால் தகரமும் சேர்ந்து அதிரும். காற்றுப்பை உள்ள வாகனமென்றால் அது விரிகிற இடத்தில் எதையுமே பூட்டக் கூடாது.

செற் இரண்டு இருந்தால் ஸ்பீக்கரும் இரண்டு வேணும். இரண்டு செற்றின் வயரையும் ஒரே ஸ்பீக்கரில் முடிந்தால் செற் கெடும். ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வையுங்கள். எது கூப்பிடுகிறது என்பதைத் திரும்பிப் பார்க்காமலே காது சொல்லிவிடும்.

வயர் விஷயத்தில் நம்ம கராஜ்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விளக்குக்குச் செய்வது போல ஒரு வயரை மட்டும் இழுத்து, மற்றதை பொடியில் எர்த் பண்ணிவிடுவார்கள். பல வயர்லெஸ் செற்றுகளில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் மின்சாரம் உண்டு. ஒன்று பொடியில் பட்டாலே உள்ளே எரிந்துபோகும். இரண்டு வயரையும் தனித்தனியே செற் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். செற் 4 ஓம் கேட்டால் 4 ஓம் ஸ்பீக்கர்தான். அப்படி இரண்டைச் சமாந்தரமாகச் சேர்த்தால் 2 ஓமாகிவிடும், செற் தாங்காது.

பூட்டி முடிந்ததும் கராஜுக்குள் நிறுத்தி வைத்துக் கேட்டுவிட்டு "சரி" என்று கையெழுத்துப் போடாதீர்கள். கண்ணாடியை இறக்கி, இரண்டாம் கியரில் மேட்டில் ஏற்றிக்கொண்டு கேளுங்கள். முடியுமானால் மழை நாளில், கூரையில் தண்ணீர் கொட்டும்போதும் ஒரு தடவை. ஓட்டுகிறவரே கேட்டுச் சொல்லட்டும்.

இன்னொன்று: செற் பூட்டுமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அந்தப் பத்திரத்தின் பிரதி ஒன்றை வாகனத்திலேயே வைத்திருப்பது நல்லது.