தன் கையால் மடித்த பாராசூட்

விமானத்திலிருந்து குதிப்பவரும், மலைச்சரிவிலிருந்து பாராகிளைடரில் எழும்பிப் பறப்பவரும், தங்களைத் தாங்கும் பிரதான விதானம் கைவிட்டுவிடும் கணத்திற்கென்றே இன்னொன்றை உடன் சுமந்து செல்கிறார்கள். ரிசர்வ் பாராசூட் எனப்படும் அது, ஆண்டுக்கணக்கில் உபயோகமின்றி மடிந்து கிடந்தாலும், வேண்டும்போது சில விநாடிகளுக்குள் பழுதின்றி விரிந்தாக வேண்டும். ஆகவே அதைப் பிரித்துப் பரிசோதித்து மீண்டும் மடிக்கத் தகுதியுடையவர் யார் என்பது அற்பமான கேள்வியன்று.

அமெரிக்காவில், விமானத்திலிருந்து குதிப்பவர் பிரதான பாராசூட்டைத் தாமே மடித்துக்கொள்ளலாம். ரிசர்வையோ, 18 வயது நிரம்பி, மேற்பார்வையின்கீழ் குறைந்தது 20 பாராசூட்களையேனும் மடித்துப் பழகி, அரசாங்கச் சான்றிதழ் பெற்ற ரிக்கர் ஒருவரே மடித்து முத்திரையிட வேண்டும். நைலான் போன்ற செயற்கை இழையாலானதை 180 நாள்களுக்கு ஒரு முறையும், பட்டு முதலிய இயற்கை இழையாலானதை 60 நாள்களுக்கு ஒரு முறையும் மடித்தாக வேண்டுமென்பது அங்குள்ள விதி. இந்தக் கண்டிப்பின் நியாயத்தை 1980-களின் அனுபவம் ஒன்று விளக்கும். வட்டவடிவ ரிசர்வ்கள் சிலவற்றில் தைத்திருந்த வலைத்துணியின் அமிலத்தன்மை, அதையொட்டி மடிந்து கிடந்த நைலானைப் பலவீனப்படுத்திவிட்டது. அதைக் கண்டறிய, நிறம் மாறிக் காட்டும் ரசாயனத் திரவமும், துணியை இழுத்துச் சோதிக்கும் கருவியும் தேவைப்பட்டன. வெறுங்கண்ணை மட்டும் நம்பியவருக்கு அந்தத் துணி நல்ல துணியாகவே தோன்றியிருக்கும்.

பாராகிளைடர் உலகில் நிலைமை வேறு. அங்கே பறப்பவரே ரிசர்வை மடித்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. வெயில் படாத, ஈரமற்ற விசாலமான அறையில் விதானத்தைப் பிரித்துக் காற்றாட விட்டு, கறை, கிழிசல், தையல் விட்ட இடம், நைந்த கயிறு ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேடிய பின்னரே மடிக்கத் தொடங்க வேண்டும். கயிறுகள் சிக்கின்றி ஓடுகின்றனவா என்று பார்த்து, துணியின் பட்டைகளை இருபுறமும் சமமாகப் பிரித்து அடுக்கி, உள்பைக்குள் மடித்து வைத்து, கயிறுகளைச் சிறு சிறு கற்றைகளாக ரப்பர் வளையங்களில் செருக வேண்டும். பழைய ரப்பர் இளகி ஒட்டிக்கொள்ளுமாதலால் வளையங்களைப் புதிதாக மாற்றுவது அவசியம். மடிக்கும்போது துணியின்மேல் வைத்த எடைகளையும் கருவிகளையும் முன்னும் பின்னும் எண்ணிப் பார்ப்பது தேர்ந்தவர்களின் ஒழுக்கம். உள்ளே மறந்துவிட்ட ஒரு சிறு பொருளே விரிதலைத் தடுத்துவிடக்கூடும்.

முதன்முதலாக மடிப்பவர் பெரும்பாலும் துணியின் மடிப்பைப் பற்றியே கவலைப்படுகிறார். ஆனால் அதற்கு நிகரான அபாயம், பறப்பவர் அமரும் வார் இருக்கையான ஹார்னஸுக்குள் ரிசர்வைப் பொருத்தும் இடத்திலும் இருக்கிறது. கைப்பிடியை இழுக்கும்போது முதலில் பூட்டு ஊசிகள் கழன்று, அதன் பின்னரே உள்பை இழுபட வேண்டும். கைப்பிடியையும் உள்பையையும் இணைக்கும் வார் போதிய தளர்வின்றி இருந்தால், ஊசிகள் கழலுமுன் வார் இறுகிவிடும். எவ்வளவு அழகாக மடித்த பாராசூட்டும் அப்போது வெளியே வராது. எனவே பொருத்தி முடித்ததும் ஹார்னஸில் தொங்கியபடி, தம் கையாலேயே ஒரு முறை இழுத்துப் பார்த்தல் வேண்டும்.

தம் உயிரைத் தாங்கப்போகும் பொருளின் உள்ளமைப்பைத் தாமே அறிய விரும்புவது மெச்சத்தக்கது. அந்த அறிவு, ஆபத்தில் தயங்காமல் கைப்பிடியைத் தேடும் துணிவையும் தருகிறது. ஆனால் மடித்தவருக்கே தம் பிழை தெரிவதில்லை. சட்டம் ரிக்கரைக் கோரும் இடத்தில் அவரிடமே ஒப்படைக்க வேண்டும். தாமே மடிக்க அனுமதியுள்ள இடத்திலும், தேர்ந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு படியையும் அவர் கண்ட பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.