ஆப்பில் மைனஸ் இல்லை; ஆயிரம் ரூபாய் எங்கே போனது?

15ம் தேதி நெருங்கினாலே வாசகர் கடிதங்களில் ஒரே புலம்பல்தான். தமிழக அரசின் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஏறிவிட்டதாக எஸ்.எம்.எஸ். வருகிறது. ஜிபேயிலோ போன்பேயிலோ பேலன்ஸ் பார்த்தால் சில நூறுகள்தான் மிச்சம். சிலருக்கு எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறியே நிற்கிறது. ஆப்பைத் திட்டிப் பயனில்லை. வங்கி சொல்லும் எண்ணை அது அப்படியே காட்டுகிறது, அவ்வளவுதான். எடுப்பது வங்கி.

எப்படி எடுக்கிறது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான அபராதத்தால் மட்டும் எந்தச் சேமிப்புக் கணக்கும் மைனஸுக்குப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் உத்தரவிட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு பெண்மணியின் கணக்கில் 40 ரூபாய் கிடக்கிறது. அபராதம் 200, ஜிஎஸ்டி 36, ஆக 236 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த 40 ரூபாயை எடுத்துக்கொண்டு வங்கி பூஜ்யத்தில் நின்றுவிடும். உத்தரவு மீறப்படவில்லை. மீதி 196 ரூபாய்? ஆப்பில் தெரியாது, பாஸ்புக்கிலும் பெரும்பாலும் தெரியாது. வங்கியின் கணினியில் 'வசூலாக வேண்டியது' என்று உட்கார்ந்திருக்கும். அடுத்த மாத அபராதமும் அதன் மேல் ஏறும். என்றைக்கோ ஒருநாள் கணக்கில் பணம் விழுந்தால், பந்தி விரித்ததும் முதல் இலையில் உட்காருகிற ஆளைப் போல, அந்தப் பாக்கிதான் முதலில் சாப்பிடும். ரிசர்வ் வங்கி தடுத்தது கழித்தல் குறியை, பாக்கியை அல்ல. சொல்லப்போனால், மைனஸ் கண்ணில் பட்டிருந்தால் அந்தப் பெண்மணி உதவித்தொகைக்கு வேறு கணக்கையாவது கொடுத்திருப்பார்.

2023 செப்டம்பரில் உரிமைத் தொகையின் முதல் தவணையிலேயே இந்தப் பிடித்தம் நடந்தது. தமிழக நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு வங்கிகளைக் கண்டித்தார். 1100 என்ற எண்ணில் புகார் செய்யச் சொன்னார். வங்கிகள் இதைச் 'சேவைக் கட்டணம்' என்கின்றன. பணம் இல்லாதவருக்குப் பணம் இல்லை என்பதற்காக என்ன சேவை செய்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. 2020 மார்ச்சுடன் முடிந்த நிதியாண்டு தொடங்கி ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் இந்த வகையில் வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய். இது நாடாளுமன்றத்தில் அரசே தந்த கணக்கு. ஸ்டேட் வங்கி 2020லும், இந்தியன் வங்கி, கனரா வங்கி உள்ளிட்டவை 2025லும் இந்த அபராதத்தைக் கைவிட்டன. தனியார் வங்கிகள் பலவற்றில் இன்னும் உண்டு.

அப்படியானால் சிலருக்கு மைனஸ் தெரிவது எப்படி? கடன் தவணை ஆட்டோ டெபிட்டுக்கு வந்து, பணமில்லாமல் திரும்பினால் வங்கி தனிக் கட்டணம் போடும். மேலே சொன்ன உத்தரவு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மற்ற கேள்விகள்:

ஆப்பை அழித்தால் பாக்கி போய்விடுமா? போகாது.

சிபில் மதிப்பெண் குறையுமா? அபராதம் கடன் அல்ல. ஆனால் தவணை தவறினால் குறையும்.

முன்னறிவிப்பு வேண்டாமா? வேண்டும். இருப்பு குறைந்ததைத் தெரிவித்து, சரிசெய்யக் குறைந்தது ஒரு மாதம் தந்த பிறகே அபராதம் போடலாம். தகவல் வரவில்லை என்றால் அதையே புகாராக எழுதுங்கள்.

இரண்டு ஆண்டுகளாகத் தொடாத கணக்கு? செயல்படாக் கணக்கில் குறைந்தபட்ச இருப்புக்கு அபராதம் கூடாது. 2024 ஏப்ரல் முதல் இதுதான் விதி.

புகார் யாரிடம்? முதலில் வங்கிக் கிளையில், எழுத்தில். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். விவரம் கேட்க 14448.

15ம் தேதிக்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிளைக்குப் போய், "என் கணக்கில் வசூலாகாத கட்டணம் எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கையோடு, குறைந்தபட்ச இருப்பே தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பமும் கொடுத்துவிட்டு வாருங்கள்.