வாயில் ஈட்டி! வாலில் அடையாளம்! வேட்டைக்கார நாற்றப்பூச்சியைத் தெரியுமா?

தொட்டாலே குப்பென்று நாறுமே, அதே நாற்றப்பூச்சிதான்! பயிரின் சாற்றை உறிஞ்சிக் கெடுக்கும் பூச்சி என்றுதானே அதைத் திட்டுகிறோம்? அந்தக் குடும்பத்துக்குள்ளேயே புழுக்களை வேட்டையாடும் ஒரு கிளை இருக்கிறது, தெரியுமா? உலகம் முழுக்க நாற்றப்பூச்சிகள் ஏறக்குறைய 5,000 இனம். அதில் வேட்டைக்காரர்கள் சுமார் 300 இனம் மட்டுமே! அசோபினே என்பது இந்தக் கிளைக்கு அறிவியல் வைத்த பெயர்.

எப்படி வேட்டையாடும் தெரியுமா? முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் உறிஞ்சுகுழலை முன்னால் நீட்டும். ஒரே குத்து! புழு நெளியும், துடிக்கும், பூச்சி விடாது. எச்சிலை உள்ளே இறக்கும். புழுவின் உள்ளுறுப்புகள் உடம்புக்குள்ளேயே கூழாகக் கரைந்துவிடும்! அந்தக் குழலுக்குள் இருப்பவை நான்கு நுண்ணிய ஊசிகள். அவை சேர்ந்து இரண்டு பாதைகளை உண்டாக்குகின்றன. எச்சில் இறங்க ஒன்று, கூழ் ஏற இன்னொன்று! கடைசியில் மிஞ்சுவது வெறும் தோல். தன்னைவிடப் பெரிய புழுவைக் குழல் நுனியில் தொங்கவிட்டபடியே நடந்துபோகும் என்றால் பாருங்களேன்!

செத்து நூறு வருஷமான பூச்சியைப் பார்த்தே அது சைவமா அசைவமா என்று சொல்லிவிடலாம், தெரியுமா? சாறு குடிக்கும் வகைக்குக் குழல் மெலிசு. அதன் அடிக்கணு இரண்டு கன்னத் தகடுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும். வேட்டைக்கார வகைக்கு அடிக்கணு நல்ல தடிமன், தகடுகளில் சிக்காமல் விடுபட்டு நிற்கும். அதனால்தான் குழலை முன்னால் வீசி நீட்ட முடிகிறது!

சரி, ஒரு வேட்டைக்காரப் பூச்சி கையில் கிடைக்கிறது. இது உலகத்துக்கே புதிய இனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? நிறத்தை வைத்தா?

நிறம் ஏமாற்றிவிடும்! அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டுகளைத் தின்னும் பெரில்லஸ் பயோகுலேட்டஸைப் பாருங்கள். ஒரே இனத்தில் சிவப்பும் உண்டு, மஞ்சளும் உண்டு, வெள்ளையும் உண்டு! காரணம் என்ன தெரியுமா? கரோட்டின் என்ற நிறமி! உருளைச் செடியின் இலையிலிருந்து வண்டின் ரத்தத்துக்கு, அங்கிருந்து இந்தப் பூச்சியின் உடம்புக்கு! குளிரில் வளர்ந்தால் சிவப்பு தங்கும், வெயிலில் வளர்ந்தால் வெளுத்துவிடும். 1924-லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்!

அப்படியானால் எதைத்தான் நம்புவது? ஆண் பூச்சியின் வால்முனையை! அங்கே கிண்ணம் போன்ற கெட்டியான ஓர் உறை இருக்கும், பைகோஃபோர் என்பார்கள். அதைப் பக்குவமாகக் கழற்றி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைப்பார்கள். சதையெல்லாம் கரைந்து போகும். நுண்ணோக்கியின் கீழே தெரிவது பாராமியர் என்ற ஒரு ஜோடிக் கொக்கி! பூச்சியே ஒரு சென்டிமீட்டர்தான். கொக்கி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது! அது எந்தப் பக்கம் வளைகிறது, நுனி கூரா மழுங்கலா, அடி எவ்வளவு அகலம்... ஒவ்வொன்றையும் அளந்து, வரைந்து, ஏற்கெனவே பெயர் பெற்ற நெருங்கிய சொந்தங்கள் ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை பொறுமை வேண்டும், யோசித்துப் பாருங்கள்! இந்த வேலையைச் செய்பவர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு போடலாம்!

ஒரு புது இனத்துக்குப் பெயர் சூட்ட எத்தனை பூச்சி வேண்டும் தெரியுமா? ஒன்றே ஒன்று போதும்! அந்தப் பெயருக்கு என்றைக்கும் சாட்சி அந்த ஒரு பூச்சிதான். ஹோலோடைப் என்பார்கள். முதுகில் முக்கோணமாக ஒரு கேடயம் இருக்குமே, அதில் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் ஊசி குத்தி, வழக்கமாகச் சிவப்பு லேபிள் மாட்டி அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். நடுவில் குத்தினால் இரண்டு பக்க அடையாளமும் கெட்டுவிடும் அல்லவா!

இன்னொரு ஆச்சரியம்! பிடித்த உடனே பெயர் வந்துவிடும் என்றா நினைக்கிறீர்கள்? 2012-ல் ஆய்வாளர்கள் எல்லா வகை உயிர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஓர் உயிரைச் சேகரித்த நாளிலிருந்து அது புது இனம் என்று அறிவிக்கப்படும் வரை சராசரியாக 21 வருஷம்! அதுவரை டிராயருக்குள் காத்திருப்புதான்!

இந்தக் கதையில் நம் தரங்கம்பாடிக்கும் பங்கு உண்டு, தெரியுமா? 1768-ல் அங்கே வந்து இறங்கிய மருத்துவர் யோகான் கெர்ஹார்ட் கோனிக், இயற்கை அறிஞர் லின்னேயஸின் மாணவர். அவர் பூச்சிகளைச் சேகரித்துக் கப்பலில் அனுப்ப, ஐரோப்பாவில் இருந்த பூச்சியியல் அறிஞர் ஃபாப்ரீசியஸ் பெயர் சூட்டினார்! வேட்டைக்கார அமியோட்டியா மலபாரிகாவுக்கு 1775-ல் பெயர் வைத்தவரும் இதே ஃபாப்ரீசியஸ்தான். சிவப்பும் கறுப்புமாக இருக்கும் இந்தப் பூச்சி எதைத் தின்னும் தெரியுமா? பயிரைக் கெடுக்கும் பச்சை நாவாய்ப்பூச்சியை! நாற்றப்பூச்சியைத் தின்னும் நாற்றப்பூச்சி!

2018-ல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, பிறகு மக்காச்சோளக் காடுகளை மொட்டையடித்த படைப்புழு ஞாபகம் இருக்கிறதா? அதையும் குத்திக் குடிக்கிறது இயோகாந்தெகோனா ஃபர்செல்லாட்டா என்ற இன்னொரு வேட்டைக்கார நாற்றப்பூச்சி! இந்த வேட்டைக்காரனுக்குப் பெயர் வைத்து 200 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இதன் பிள்ளைகள் பிறந்ததும் என்ன தின்னும்? ஒன்றையும் வேட்டையாடாது! முதல் பருவத்தில் நீரும் கொஞ்சம் செடிச்சாறும் போதும். ஒரு முறை தோல் உரித்த பிறகுதான் வேட்டை ஆரம்பம்!

அம்மா நினைத்தால் முட்டையின் நிறத்தை மாற்றலாம், நம்ப முடிகிறதா? வட அமெரிக்காவின் போடிசஸ் மாகுலிவென்ட்ரிஸ் என்ற வேட்டைக்கார நாற்றப்பூச்சி இலையின் மேல்பக்கம் இட்டால் முட்டை கறுப்பு, அடிப்பக்கம் இட்டால் வெளிர்! மேலே வெயிலின் புற ஊதாக் கதிர் சுடும். கறுப்பு நிறம் அதைத் தடுத்துக் கருவைக் காக்கும். எங்கே இடுகிறோம் என்பதை வெளிச்சத்தை வைத்து உணர்ந்து, அதற்கேற்றபடி சாயம் சேர்க்கிறாள் அம்மா! சுற்றுச்சூழலைப் பார்த்து முட்டை நிறத்தைத் தாயே தீர்மானிக்கும் விலங்கு என்று 2015-ல் முதன்முதலாக நிரூபணம் ஆனது இதற்குத்தான்!

இத்தனை சாமர்த்தியசாலிக்கும் ஓர் எமன் உண்டு. டெலினோமஸ் கால்வஸ் என்ற பொடிக் குளவி! ஆண் பூச்சி துணையைக் கூப்பிட ஒரு வாசனையை விடும். அதைப் பெண் பூச்சிக்கு முன்பே குளவி மோப்பம் பிடித்து வந்து காத்திருக்கும்! பெண் வந்ததும் அதன் உடம்பில் ஏறிக்கொள்ளும். பயணம் இலவசம்! அவள் முட்டை இட்ட கையோடு இறங்கி, அந்த முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடும்!