உப்புக்கு ஒலிக்கும் கருவி

ஒன்பது வோல்ட் பேட்டரி, பிசி 547 டிரான்சிஸ்டர், ஒரு பஸ்ஸர், இரண்டு ரெசிஸ்டர், இரண்டு கம்பித் துண்டு. ஓசூர் சிப்காட்டை ஒட்டிய வாடகைக் குடியிருப்புகளில் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிவதற்குள் ஆளைக் கூப்பிட இவ்வளவு போதும். பள்ளி மாணவர்கூட ஒரு மாலைக்குள் பற்றவைத்து முடித்துவிடலாம். ஆனால் இந்தக் கருவிக்குத் தண்ணீரைத் தெரியாது. தண்ணீரில் கரைந்த உப்புகளைத்தான் தெரியும். எங்கே இதை நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இதில்தான் இருக்கிறது.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு கம்பி தொட்டிக்குள் இறங்குகிறது. ஒரு சென்டிமீட்டர் தள்ளி இறங்கும் மற்றது, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸ் காலுக்கு வருகிறது. பஸ்ஸர் பாசிட்டிவுக்கும் கலெக்டருக்கும் நடுவில் நிற்க, எமிட்டர் நேராக நெகட்டிவுக்குப் போகிறது. பஸ்ஸர் கத்த 20 மில்லி ஆம்பியர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டிரான்சிஸ்டர் 200 மடங்கு பெருக்கினால், பேஸுக்கு 0.1 மில்லி ஆம்பியர் போதும். கிருஷ்ணகிரி வட்டாரத்தின் கிரானைட், நைஸ் பாறை வெடிப்புகளில் தங்கி, கனிமங்களைக் கரைத்துக்கொண்டு போர்வெல்லில் ஏறும் நீரின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1,000 மைக்ரோ சீமன்ஸ் என்றால், கம்பிகளுக்கு இடையே உள்ள தடை ஏறத்தாழ ஆயிரம் ஓம்தான். பேஸுக்குத் தேவையைப்போல் ஏழு மடங்கு மின்னோட்டம் கிடைத்துவிடும். அதே கம்பிகளை இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்தால் தடை பத்து லட்சம் ஓம் வரை ஏறும். பஸ்ஸருக்கு இரண்டு மில்லி ஆம்பியர்கூடத் தேறாது. தொழிற்சாலை பாய்லருக்குப் போகும் உப்பு நீக்கிய நீரின் கசிவுக்கு இதைக் காவல் வைப்பது வீண். இரண்டாவது ரெசிஸ்டர், 100 கிலோ ஓம், பேஸுக்கும் எமிட்டருக்கும் குறுக்கே. மார்கழிப் பனியில் கம்பி வேர்த்தால் வரும் சொற்பக் கசிவை அது தன் வழியே இழுத்துக்கொள்ளும். இல்லையென்றால் நடுச்சாமத்தில் எழுப்பிவிடும்.

கடையில் மிதவை சுவிட்ச் கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். மோட்டாரைத் தானாக நிறுத்துவதற்கு மிதவையே மேல், அதில் வாதமில்லை. ஆனால் மிதவை எழும்ப ஆழம் வேண்டும். இரண்டு கம்பிகளுக்கு ஒரு நீர்ப்படலம் போதும். வாஷிங் மெஷின் அடியிலும் லிஃப்ட் குழியிலும் பம்ப் அறைத் தரையிலும் கசிவைக் காட்டிக்கொடுப்பது இதுதான். கம்பி அரித்துப்போகுமே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ஒரே திசையில் மின்சாரம் பாயும்போது பாசிட்டிவ் கம்பி மெல்லக் கரையத்தான் செய்யும். ஆகவே எப்போதும் நீரில் மூழ்கிக் கிடக்கும் இடத்துக்கு இது ஆகாது. தொட்டியின் விளிம்பு மட்டத்தில், செம்புக் கம்பிக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிகளைப் பொருத்தினால், நிறையும் சில நிமிடங்களைத் தவிர மின்சாரமே பாயாது.

உப்பை உணர்கிறதென்றால் குடிநீரின் தரத்தையும் சொல்லுமே என்று தோன்றுவது இயல்பு. இந்த வட்டாரத்தில் அந்த நினைப்பு ஆபத்தானது. கிருஷ்ணகிரி, தர்மபுரி நிலத்தடி நீரின் பழைய தொல்லை புளோரைடு. அதற்காகவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013-இல் தொடங்கியது. குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய தர நிர்ணய அமைவனத்தின் உச்ச வரம்பு. இரண்டு மில்லிகிராம் இருந்தாலும் மின்கடத்துதிறனில் அதன் பங்கு சுமார் ஆறு மைக்ரோ சீமன்ஸ். ஆயிரத்தில் ஆறு, பஸ்ஸரின் ஒலியில் அது தெரியவே தெரியாது. பெங்களூருக் கழிவுநீரால் கெலவரப்பள்ளி அணையில் நுரைக்கும் தென்பெண்ணை நீருக்கும் ஒகேனக்கல் காவிரி நீருக்கும் பஸ்ஸர் ஒரே குரலில்தான் கத்தும். நூறு, ஆயிரம் என்று எண் காட்டும் டிடிஎஸ் மீட்டரும் மின்கடத்துதிறனை அளந்துதான் சொல்கிறது. மொத்த உப்பை அது ஓரளவு சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது.

ஆர்.ஓ. விற்க வருபவர்கள் செய்துகாட்டும் வித்தையும் இதே அறிவியல்தான். இரண்டு டம்ளரிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் கொடுத்ததும் குழாய்த் தண்ணீர் பழுப்புச் சேறாக மாற, ஆர்.ஓ. நீர் பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும். உப்பு குறைந்ததால் ஆர்.ஓ. நீரில் மின்சாரம் பாயவில்லை, அவ்வளவுதான். குழாய்த் தண்ணீரில் மிதக்கும் அந்தச் சேற்றில் பெரும்பங்கு, உள்ளே இறக்கிய இரும்புக் கம்பியிலிருந்தே கரைந்து வந்த துரு.