மூன்று வாரம் தவறாத மாத்திரை

பல் பிடுங்குவதென்றாலும் சிறு அறுவை என்றாலும், "இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். இதயத் துடிப்பின் தாளத்தைச் சீராக்கும் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள், அதே நினைப்பில் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இங்கே நிறுத்துவதில்தான் ஆபத்து இருக்கிறது.

வயது ஏற ஏற அதிகமாகக் காணப்படும் கோளாறு 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்'. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். இடது மேலறையில் சிறு பை போன்ற ஒரு மூலை உண்டு. அங்கே இரத்தம் தேங்கி உறைந்து கட்டியாகலாம். 1962-ல் டாக்டர் பெர்னார்ட் லவுன் குழுவினர் வெளியிட்ட முறைப்படி, நேர்மின்னோட்ட அதிர்ச்சி கொடுத்துத் தாளத்தைத் திருப்புகிறார்கள். தாளம் திரும்பி அறை சுருங்கும்போது அந்தக் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்தான்!

ஆகவே, கோளாறு 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்திருந்தாலோ, எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டாலோ, சிகிச்சைக்கு முன் குறைந்தது 3 வாரம் இடைவிடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். தாளம் திரும்பிய பிறகும் மேலறை உடனே முழு பலம் பெறுவதில்லை. எனவே பின்னும் குறைந்தது 4 வாரம் தொடர வேண்டும். சிலருக்கு ஆயுள் முழுவதும் தேவைப்படும்.

ரயில்வேயில் பணியாற்றியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியைப் புதுப்பித்தபின் வண்டிகளை முதலில் மெதுவாகத்தான் விடுவோம். படிப்படியாகவே வேகம் கூட்டுவோம். நடுவில் ஒரு படியைத் தாண்டிவிட்டு, "நாள் கணக்கு முடிந்துவிட்டது" என்று சொல்ல முடியாது.

வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுவோருக்கு ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை உண்டு. பெரும்பாலோருக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையே நிற்க வேண்டும். கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, மறுவாரம் ஒன்றுமில்லை என்று மாற்றக் கூடாது, அவ்வளவுதான். அபிக்ஸபான் நாளைக்கு இருவேளை. ரிவராக்ஸபான் வழக்கமாக ஒருவேளை, அதுவும் உணவோடு. ஆகவே ஏகாதசி, கிருத்திகை விரதமிருப்போர் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாக வந்தது என்று கேள்விப்பட்டுப் பயப்படுவோரும் உண்டு. 1954 முதல் அது மனிதருக்கும் மருந்து. அளவறிந்து கொடுக்கத்தானே பரிசோதனை!

ஒருவேளை மறந்துவிட்டால் மறுவேளை இரண்டாக விழுங்கக் கூடாது. மருத்துவரிடம் மறைக்கவும் கூடாது. லிங்கராஜபுரத்திலிருந்து ஜெயநகர் ஜெயதேவா மருத்துவமனைக்குப் போவதென்றால் நகரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. மகனோ மகளோ விடுப்பு எடுத்துக் கூட வர வேண்டும். "தேதி தள்ளிப்போகுமே" என்று வாய் மூடியிருப்பவர்கள் இதனால்தான். உண்மையைச் சொன்னால், உணவுக்குழாய் வழியே எக்கோ எடுத்துக் கட்டி இல்லையென்று பார்த்துவிட்டு அன்றே செய்யவும் வழியிருக்கலாம். அல்லது மூன்று வாரம் தள்ளிப்போகும். மூன்று வாரம் போனால் வரும். கை கால் போனால் வருமா?

சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டர் தாளில் வேளைக்கு ஒரு கோடு போடுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அந்தத் தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சை நாளன்று வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தால், காலை மாத்திரை உண்டா என்று முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். மலம் கறுத்துப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டிலுள்ள இளையவர்களும் இரவுச் சாப்பாட்டின்போது, "மாத்திரை ஆச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் பெரிய உதவி.