பாறைக்குள் தண்ணீர் தேடும் படிப்பு

சித்திரை மாதத்து நடுப்பகலில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பஸ்ஸில் பிரயாணம் செய்திருக்கும் நேயர்களுக்கு அந்தச் சீமையை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. கரிசல் மண் வாய் பிளந்து கிடக்கும். கண்மாய்க்குள் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் சீமைக் கருவேலம் அடர்ந்திருக்கும். திருச்சுழியில் குண்டாற்றங்கரையில் நின்றுகொண்டு, "ஆறு எங்கே?" என்று கேட்ட வெளியூர்க் குழந்தையை நானே பார்த்திருக்கிறேன். ரமண மகரிஷி 1879-ஆம் வருஷம் அவதரித்த க்ஷேத்திரம் என்ற பெருமை ஊருக்கு உண்டு. ஆனால் அந்தப் பெருமையால் குடம் நிறைவதில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் ஒருவனின் தகப்பனார் ஒரு நாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். மானாவாரியில் பருத்தி விதைக்கும் சம்சாரி அவர்.

"ஐயா, மூணு போர் போட்டாச்சு. மூணிலேயும் புழுதிதான் வந்தது" என்றார்.

முதல் இடத்தைத் தேங்காய் பார்த்துச் சொன்னது. இரண்டாவதை வேப்பங்குச்சி. மூன்றாவதை யாரோ ஒருவர் பெட்டியும் கம்பியுமாக யந்திரம் கொண்டுவந்து குறித்துக் கொடுத்தாராம். மனைவியின் சங்கிலி முதலில் போயிற்று, அப்புறம் வளையல். பாங்கு ரசீதை மடியிலிருந்து எடுத்து எனக்குக் காட்டிவிட்டு, "பாறைக்குள்ளே தண்ணி இருக்கா இல்லையான்னு சொல்றதுக்கு ஒரு படிப்பு கிடையாதா? இருந்தா இவனை அதிலே போட்டுடறேன்" என்றார்.

"இருக்கிறது, அண்ணாச்சி" என்றேன்.

பழைய புத்தகங்களில் பூகர்ப்ப சாஸ்திரம் என்றும், இந்நாளில் நிலவியல் என்றும் வழங்கும் படிப்புத்தான் அது. நீரியல் அதற்கு நெருங்கிய உறவு. டாக்டருக்கும் இஞ்சினீயருக்கும் வழி கேட்டு என்னிடம் வருகிற பெற்றோர் அநேகர். இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்டவர் அந்தச் சம்சாரி ஒருவர்தான்.

அவருடைய மூன்றாவது போர் ஏன் பொய்த்திருக்கலாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த யந்திரம் மோசடியன்று. தரையில் இரண்டு கம்பிகளை ஊன்றி மின்சாரம் செலுத்தி, இன்னும் இரண்டு கம்பிகளால் மின்தடையை அளப்பார்கள். உலர்ந்த பாறை மின்சாரத்தை எளிதில் விடாது. தண்ணீர் ஊறிய பாறை விடும். இது வரையில் சரி. ஆனால் களிமண்ணும் விடும்; உப்புநீர் இன்னும் தாராளமாக விடும். எங்கள் கரிசல் சீமையில் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை, உவர்நீருக்கும் குறைவில்லை. யந்திரம் ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண் நல்ல தண்ணீரா, உப்பா, வெறும் களிமண்ணா என்று பிரித்தறியக் கீழே கிடக்கும் பாறையின் ஜாதகம் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பாறைகளில் ஒன்றுக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் கும்பினிக் காலத்து ஜாப் சார்னக் துரையின் கல்லறை மேல் வைத்த கல், சென்னைக்கு அருகே பல்லாவரத்துக் கல். ஹாலந்து என்ற நிபுணர் 1893-இல் அதை ஆராய்ந்து, புதைந்தவரின் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். நம் ஊர்க் கல், பெயர் மட்டும் துரையுடையது! காவேரிப் படுகையின் மணல் பஞ்சைப் போல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சார்னோகைட் அப்படியன்று. மேலே சிதைந்து பொடியான அடுக்கிலும், ஆழத்தில் ஓடும் வெடிப்புகளிலுந்தான் அதில் தண்ணீர் தங்கும். வெடிப்பைத் தொட்ட கிணறு ஊறும். பத்துக் கஜம் தள்ளித் தோண்டினால் புழுதி பறக்கும்.

இனிப் படிப்பு விஷயம். பள்ளியில் விஞ்ஞானப் பாடங்கள் எடுத்தவன் மூன்று வருஷம் பி.எஸ்ஸி. நிலவியல் படிக்க வேண்டும். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, பிரஸிடென்ஸி காலேஜ் என்று பெரியவர்கள் சொல்லும் சென்னை மாநிலக் கல்லூரி ஆகியவற்றில் இது உண்டு. பிறகு எம்.எஸ்ஸி. இரண்டு வருஷம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர விரும்புகிறவர் 'ஜாம்' என்ற நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும், பழச்சாறு சம்பந்தமில்லை. சுத்தியலும் திசைகாட்டியும் ஏந்தி வெயிலில் நடந்து பாறைப்படம் வரைவது இந்தப் படிப்பின் பிரதான அங்கம். நிழலை விரும்புகிறவர்கள் வேறு பட்டம் பார்த்துக்கொள்ளலாம்.

பி.எஸ்ஸி.யோடு நிறுத்துவது அரைக்கிணறு தாண்டுவது போலத்தான். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிலும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் நிபுணர் உத்தியோகம் வேண்டுமானால், யூனியன் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்கு எம்.எஸ்ஸி. அவசியம். பி.இ. சிவில் படித்தவருக்கு வேறு வாசல் இருக்கிறது: கிண்டி இஞ்சினீயரிங் கல்லூரியில் நீரியலுக்கென்றே எம்.இ. உண்டு. ரூர்க்கியில் யுனெஸ்கோவின் உதவியோடு 1972-இல் தொடங்கிய நீரியல் பள்ளி, இன்று ஐ.ஐ.டி.யின் ஒரு துறை. அணையும் சுரங்கமும் கட்டுகிறவர்களுக்கும் பாறை ஞானம் வேண்டும். காலிபோர்னியாவில் ஸெயின்ட் பிரான்ஸிஸ் அணை 1928 மார்ச் 12 நள்ளிரவில் உடைந்து நானூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அணையின் ஒரு கரையில் இருந்தது நீர் பட்டால் இளகும் பாறை. மறுகரையில் பழைய மலைச்சரிவு.

நம்மவர் இதில் தலையெடுக்க வெகு காலம் ஆயிற்று. ஆய்வுத் துறை 1851-இல் ஏற்பட்டது. அதன் தலைமைப் பதவியில் முதல் இந்தியர் அமர்ந்தது 1951-இல். முழுசாக நூறு வருஷம்! அவர் தமிழர், எம்.எஸ். கிருஷ்ணன். இந்திய, பர்மிய நிலவியலைப் பற்றி அவர் 1943-இல் வெளியிட்ட ஆங்கில நூலைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் பாடமாகப் படித்தார்கள். "பெண் குழந்தை கல் உடைக்கப் போவதா?" என்று கேட்கும் பாட்டிமாருக்கு ஒரு செய்தி: 1983-இல் தென்துருவக் கண்டத்துக்குப் புறப்பட்ட இந்தியக் கோஷ்டியில் சுதீப்தா ஸென்குப்தா என்ற நிலவியல் நிபுணர் இருந்தார்; அவர் பெண்.

பையன் தூத்துக்குடியில் சேர்ந்தான். முதல் விடுமுறைக்கு ஊர் வந்தவன், தோட்டத்து வரப்பில் கிடந்த கல்லை உடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "சார்னோகைட்" என்றானாம்.

"அதிலே தண்ணி இருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"அது ரெண்டாம் வருஷப் பாடம், அம்மா."

நான்காவது போரைத் தகப்பனார் அதுவரையில் தள்ளிப் போட்டிருக்கிறார்.